டிரைவில் இருக்கிறது, கையில் அகப்படவில்லை

கேள்வி: தக்கலையில் நாங்கள் சிலர் சேர்ந்து குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறோம். ஆளாளுக்கு எழுதிய குறிப்பு, பழைய வினாத்தாள், போனில் எடுத்த படம் எல்லாம் கூகுள் டிரைவில் கிடக்கின்றன. தேடினால் எதுவும் அகப்படுவதில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்கிறோம். பொருளைப் பார்த்துத் தேடும் முறை எங்களுக்குச் சரிவருமா?
- வாசகி, தக்கலை

பதில்: தாராளமாகச் சரிவரும். ‘குமரி தமிழகத்தோடு எப்போது இணைந்தது’ என்று நீங்கள் தேடுவீர்கள். எழுதியவரோ ‘மார்ஷல் நேசமணி’ என்று தலைப்புப் போட்டு, ‘தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் 1956 நவம்பர் 1-இல் சென்னை மாநிலத்துக்கு வந்தன’ என்று முடித்திருப்பார். சொல்லுக்குச் சொல் தேடினால் இது எப்படி அகப்படும்? நீங்கள் சொல்லும் முறையில் ஒவ்வொரு பத்தியும் ஓர் எண் வரிசையாக மாறும். பொருள் நெருங்கினால் எண்களும் நெருங்கும். கேள்வியையும் அப்படியே மாற்றி, பக்கத்தில் இருக்கும் பத்திகளை எடுத்துத் தரும்.

இப்படிப் பத்தியை எண்களாக்கும் செயற்கை நுண்ணறிவு மாடல்களில் மல்டிலிங்குவல் இ5 இலவசம்; அதற்குத் தமிழ் தெரியும். அதன் ‘பேஸ்’ அளவில் பத்திக்கு 768 எண்கள். மூவாயிரம் பத்தி ஏற்றினாலும் எண்கள் பத்து எம்பிக்குள் அடங்கும். வீட்டு லேப்டாப் போதும். சர்வர் வாடகை என்று யாராவது வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

உண்மையான தலைவலி வேறு இடத்தில். டிடிபி கடையில் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கையேடுகள் உங்களிடமும் இருக்கும். திரையில் தமிழாகத்தான் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள்: ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். கணினியும் அதைத்தான் படிக்கிறது. எந்த மாடலும் அதில் பொருள் காணாது. முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள்; அதற்கு இலவச மாற்றிகள் இருக்கின்றன. அச்சுப் பக்கத்தின் படமென்றால், படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் ஓரளவு படித்துவிடும். கையெழுத்துக்கு அதை நம்பாதீர்கள். எழுதியவரே போனில் வாசித்து, குரல்வழித் தட்டச்சு செய்துவிடுவது மேல்.

அப்புறம், ஆண்டுகளில் இந்தத் தேடல் கொஞ்சம் அசடு. குமரி இணைப்புப் போராட்டத்தில் நடந்த 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டைக் கேட்டால் 1956 இணைப்பையும் தூக்கி வந்து முன்னால் வைக்கும், இரண்டும் ஒரே போராட்டத்தின் கதை என்பதால். விடையே டிரைவில் இல்லாவிட்டாலும் ஏதாவது ஒரு பத்தியை நீட்டத்தான் செய்யும். ஆண்டு, சட்டப்பிரிவு எண் போன்றவற்றுக்குப் பழைய சொல் தேடலையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பத்தியோடும் எழுதியவர் பெயரை ஒட்டிவிடுங்கள். பத்தி புரியாவிட்டால் யாரிடம் போய் உட்கார வேண்டும் என்று தெரியும். குழுவாகப் படிப்பதே அதற்குத்தானே. காசு கொடுத்து வாங்கிய பயிற்சி மையக் குறிப்புகளை மட்டும் பொதுவில் ஏற்ற வேண்டாம்.

வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து, நல்ல கேள்வி பதில்களைப் பொறுக்கி அவற்றையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த முறை ஒருவர் கேட்கும் முன்பே பழைய பதில் வந்து நிற்கும்.