சர் பட்டமும் ஒரு டி.என்.ஏ. பரிசோதனையும்

கேள்வி: நான் தமிழ்ப் பெண், கணவர் பிரிட்டிஷ்காரர். மாமனார் பரம்பரை பேரனெட், 'சர்' போட்டுக்கொள்ளும் குடும்பம். போன வருடம் காலமானார். பட்டம் மூத்த மகனான என் கணவருக்கு வர வேண்டும். ஆனால் அவரும் ஒன்றுவிட்ட தம்பியும் விளையாட்டாகச் செய்துகொண்ட டி.என்.ஏ. பரிசோதனையில் ஆண்வழி ஒத்துப்போகவில்லை. 'உங்கள் கிளை எங்கள் ரத்தமே இல்லை' என்கிறார் தம்பி. நூறு வருடமாகப் பட்டம் எங்களிடம்தானே இருக்கிறது? எங்கள் ஒரே மகன் கல்யாணத்துக்கு முந்தைய வருடம் பிறந்தவன், அதனால் ஏதும் சிக்கலா?

பதில்: நூறு வருடக் கதையை முதலில் விட்டுவிடுங்கள். நிலத்துக்கு இருக்கிற அனுபவ பாத்தியதை, அதாவது நெடுநாள் கையில் வைத்திருந்ததாலேயே வரும் உரிமை, பட்டத்துக்குக் கிடையாது. பிரிங்கிள் குடும்ப வழக்கு அப்படியே உங்கள் வழக்குதான். 1683-ல் இரண்டாம் சார்லஸ் மன்னர் ராபர்ட் பிரிங்கிளுக்கும் அவர் உடல்வழி வந்த ஆண் வாரிசுகளுக்கும் கொடுத்த பட்டம் அது. எட்டாவது பேரனெட் 1919-ல் இறந்ததும், இவன்தான் மூத்த மகன் என்று விதவைத் தாய் உறுதிமொழிப் பத்திரம் கொடுக்க, மகன் பெயர் பேரனெட் பதிவேட்டில் ஏறியது. அவர் மகன் சர் ஸ்டூவர்ட் 2013-ல் இறந்தபோது, அவருடைய பிள்ளையும் சித்தப்பா வழி உறவினரான மரே பிரிங்கிளும் ஒரே நேரத்தில் உரிமை கோரினார்கள். வேறு காரணத்துக்காக ஸ்டூவர்ட் உயிரோடு இருக்கும்போது கொடுத்த டி.என்.ஏ. மாதிரியே அவர் கிளைக்கு எதிராகத் திரும்பியது. 2016 ஜூனில் இந்தத் தகராறை விசாரித்த உயர் அமைப்பான பிரிவி கவுன்சிலின் ஏழு நீதிபதிகள் டி.என்.ஏ.வை ஏற்று, காலம் கடந்துவிட்டது என்ற வாதத்தைத் தள்ளி, பட்டம் மரேவுக்குத்தான் என்றார்கள்.

இருந்தாலும் தம்பி அவசரப்படுகிறார். இரண்டு மாதிரி ஒத்துப்போகவில்லை என்றால் இரண்டில் ஒரு கிளையிலாவது பிசகு, அவ்வளவுதான். அது அவர் கிளையாகவும் இருக்கலாமே! பொது மூதாதையிடமிருந்து வந்த மூன்றாவது கிளை ஆண் ஒருவரின் மாதிரி இல்லாமல் எதுவும் நிற்காது. அதை நீங்களாகப் போய்த் தேடிக்கொடுக்காதீர்கள்.

என்னைக் கேட்டால், நீங்கள் கடைசியில் ஒற்றை வரியில் கேட்டதுதான் பெரிய சிக்கல். பெற்றோர் பின்னால் மணந்துகொண்டால் பிள்ளை சட்டப்படியான பிள்ளையே, சொத்தில் குறை வராது. ஆனால் பட்டங்களுக்கு மட்டும் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தச் சலுகையைத் தரவில்லை, தத்துப் பிள்ளைக்கும் இதே கதிதான் (அநியாயம்தான், ஆனால் சட்டம் இன்றும் அதுவே). இங்கிலாந்துப் பட்டமென்றால் உங்கள் மகனுக்கு வராது. ஸ்காட்லாந்துப் பட்டமென்றால் வழி உண்டு, அங்கே பின்னால் நடந்த கல்யாணம் பட்டத்துக்கும் செல்லும். 1611-ல் முதலாம் ஜேம்ஸ் தொடங்கியது இங்கிலாந்து வரிசை, 1625-ல் தொடங்கிய நோவா ஸ்கோஷியா வரிசை ஸ்காட்லாந்துடையது. உங்களுடையது எது என்று கடிதத்தில் இல்லை, பட்டம் வழங்கிய அரச ஆவணமான பட்டயத்தின் நகலை எடுத்துப் பாருங்கள்.

சரி, பணம்? பேரனெட்டுக்குப் பிரபுக்கள் சபையில் இடமும் இல்லை, மானியமும் இல்லை. வீடும் பங்குகளும் மாமனாரின் உயிலின்படி போகும். ஆனால் 'பட்டம் வைத்திருப்பவருக்கு' என்று எழுதிய குடும்ப அறக்கட்டளைப் பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்று குடும்ப வக்கீலிடம் கேளுங்கள். இருந்தால் தம்பியின் ஆர்வத்துக்குக் காரணம் புரிந்துவிடும், விண்ணப்பம் போடுமுன் என்னையோ வேறு வக்கீலையோ நேரில் பாருங்கள். இல்லையென்றால் பதிவேட்டில் பெயர் ஏற்றக் கெடு ஒன்றும் கிடையாது, கணவர் பேசாமல் இருக்கலாம், தம்பியின் வாட்ஸ்அப்புக்குப் பதிலும் போட வேண்டாம்.