குழியாடி என்பதில் வரும் ‘குழி’ எங்கிருந்து வந்தது? குவியாடியோடு குழம்பாமல் இருப்பது எப்படி?

பள்ளத்துக்குச் சொல்கிற அதே குழிதான். உள்பக்கம் வாங்கி வளைந்த எதற்கும் நமக்கு இந்த ஒரு சொல் போதும்: கன்னக்குழி, நெஞ்சுக்குழி, பல்லாங்குழி, குழிப்பணியாரம். மலையாளத்திலும் குழி குழிதான். ஆடி என்பது கண்ணாடிக்குப் பழைய பெயர். இரண்டையும் சேர்த்தால் குழியாடி.

    

குழியாடியை ஆங்கிலத்தில் ‘கான்கேவ் மிரர்’ என்பார்கள். அந்தக் ‘கான்கேவ்’ வந்த வழியும் இதேதான். லத்தீனில் ‘கவுஸ்’ என்றால் உள்ளே குடைவாக இருப்பது. குகையைக் குறிக்கும் ‘கேவ்’, பல் டாக்டர் நம்மைப் பயமுறுத்தும் ‘கேவிட்டி’ எல்லாம் அந்த வேர்தான்.

அப்புறம், குழப்பம். பத்தாம் வகுப்புப் பரீட்சையில் ‘ஒளியைக் குவிப்பது எது?’ என்ற கேள்விக்குக் குவியாடி என்று எழுதி மதிப்பெண்ணை விட்டவன் நான். குவிப்பது குழியாடி, வெளிப்பக்கம் புடைத்த குவியாடி ஒளியை விரிக்கும். என்னைக் கவிழ்த்தது ‘குவி’தான். களத்தில் நெல் குவிந்து கிடக்கிறது என்றால் மேடாக இருக்கிறது. கை குவித்தார் என்றால் ஒன்றுசேர்த்தார். குவியாடியில் இருப்பது நெல் குவியலின் குவி. ஒளிக்கதிர்கள் வந்து சேரும் குவியத்தில் இருப்பது கை குவித்தலின் குவி. ஆடிக்குப் பெயர் வைத்தது உருவத்தைப் பார்த்து, வேலையைப் பார்த்து அல்ல. லென்ஸில் மட்டும் குவிலென்ஸ்தான் ஒளியையும் குவிக்கும், அதனால் அங்கே யாரும் தடுமாறுவதில்லை.

சந்தேகம் வந்தால் அடுக்களைக்குப் போய்ப் பளபளப்பான எவர்சில்வர் குழிக்கரண்டி ஒன்றை எடுங்கள். கைநீளத்தில் பிடித்துக் குழிந்த பக்கத்தைப் பார்த்தால் முகம் தலைகீழாகத் தெரியும்: குழியாடி. திருப்பிப் பார்த்தால் நேராக, ஆனால் சின்னதாகத் தெரியும்: குவியாடி. பைக்கில் இருக்கும் கண்ணாடி பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. அதில் தூரத்தில் தெரியும் லாரி நிஜத்தில் நம் முதுகுக்குப் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கும்.