போக்குவரத்து படிக்கலாமா? வாசகர் கேள்விகளும் பேராசிரியையின் பதில்களும்

(பதில் சொல்பவர், பல்கலைக்கழகத்தில் போக்குவரத்துப் பொறியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர்.)

கே: மேடம், நான் சிவில் மூன்றாம் ஆண்டு மாணவன். முதுநிலையில் போக்குவரத்துப் பொறியியல் எடுக்க ஆசை. "அது என்ன, ரோடு போடுற படிப்பா?" என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன சொல்லட்டும்?

ப: ரோடு போடுவதும் அதில் உண்டு என்று தைரியமாகச் சொல்லுங்கள் தம்பி. தார்ச்சாலையில் சக்கரத் தடம் ஏன் பள்ளமாக விழுகிறது என்ற ஒரே கேள்வியோடு வாழ்நாள் முழுக்க இருந்த ஆராய்ச்சியாளர்கள் உண்டு. ஆனால் அது படிப்பின் ஒரு மூலைதான். சிக்னல், சந்திப்பு, வேகம், விபத்து எல்லாம் ஒரு பக்கம். பஸ், ரயில் கால அட்டவணை, சரக்கு அனுப்புவது இன்னொரு பக்கம். எனக்குப் பிடித்தது திட்டமிடல்: இன்னும் ஓடாத ஒரு ரயிலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று முன்கூட்டியே சொல்வது.

வீட்டில் இந்தக் கதையைச் சொல்லிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் 1972இல் 'பார்ட்' என்ற ரயில் ஓடத் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர்களில் 15 சதவீதம் பேர் இதில் ஏறுவார்கள் என்பது அதிகாரபூர்வக் கணிப்பு. பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இருந்த பொருளாதார அறிஞர் டேனியல் மெக்ஃபாடனின் குழு வேறு வழியில் போனது. ரயில் வருவதற்கு முன்பே மக்கள் காரில் போகிறார்களா, பஸ்ஸில் போகிறார்களா, அதற்கு எவ்வளவு நேரமும் பணமும் ஆகிறது என்று விசாரித்து, ஒருவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைக் கணக்காக்கியது. அவர்களுக்குக் கிடைத்த விடை 6.3 சதவீதம். ரயில் ஓடிய பிறகு எடுத்த கணக்கில் வந்தது 6.2. மக்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்லும் இப்படிப்பட்ட கணித மாதிரிகளுக்காகத்தான் மெக்ஃபாடனுக்கு 2000இல் பொருளாதார நோபல் கிடைத்தது. அவர் இளநிலையில் படித்தது இயற்பியல்! சிவில் படித்தவர்களுக்கு மட்டுமே உரிய துறை இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

கே: என் மகள் கணிதம் முடித்துவிட்டாள். இப்போது போக்குவரத்து ஆராய்ச்சிக்குப் போகிறேன் என்கிறாள். கணக்குப் படித்த பெண்ணுக்கு அங்கே என்ன வேலை அம்மா?

ப: நிறைய வேலை இருக்கிறது. டீட்ரிச் பிராஸ் என்ற ஜெர்மன் கணிதவியலாளர் 1968இல் எழுதிய ஒரு கட்டுரையை இன்றும் எல்லா வகுப்பிலும் நடத்துகிறோம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், நாமே போட்டுப் பார்த்துவிடலாம்.

ஓர் ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு 4,000 கார்கள் போக வேண்டும். இரண்டு வழிகள். ஒவ்வொரு வழியிலும் ஒரு பாதி குறுகலானது, மறுபாதி அகலமானது. அகலமான பாதியில் எத்தனை கார் வந்தாலும் 45 நிமிடம்தான். குறுகலான பாதியில் மட்டும், வரும் கார்களின் எண்ணிக்கையை நூறால் வகுத்தால் எத்தனையோ அத்தனை நிமிடம். முதல் வழியில் குறுகல் முன்னால் வரும், இரண்டாவதில் பின்னால் வரும். கார்கள் சரிபாதியாகப் பிரிந்தால் குறுகலில் 20, அகலத்தில் 45, ஆக 65 நிமிடம்.

இப்போது அரசு தாராள மனதோடு நடுவில் ஓர் இணைப்புச் சாலை போடுகிறது. அதைக் கடக்க நேரமே ஆகாது என்று வைத்துக்கொள்ளுங்கள். குறுகல் பாதி மோசமானாலும் 40 நிமிடம்தானே, 45ஐ விடக் குறைவு என்று ஒவ்வொருவரும் நினைப்பார்கள். எல்லோரும் முதல் குறுகல், இணைப்பு, இரண்டாம் குறுகல் என்றே போவார்கள். 40-உம் 40-உம் 80 நிமிடம். புதுச் சாலை வந்ததால் அத்தனை பேருக்கும் கால் மணி நேரம் கூடிப்போனது! யாராவது ஒருவர் மட்டும் பழைய வழிக்குத் திரும்பினால் அவருக்கு 85 நிமிடம் ஆகும். ஆகவே யாரும் திரும்ப மாட்டார்கள்.

இதைப் பார்த்தவுடன் "அப்படியானால் எந்தச் சாலையை மூடலாம்?" என்று உங்கள் மகள் கேட்டால், அவளைத் தாராளமாக அனுப்பி வையுங்கள்.

கே: சில பல்கலைக்கழகங்களில் 'போக்குவரத்து மையம்' என்று தனியாக இருக்கிறதே, அது என்ன? துறையில் சேர்ந்து படிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ப: துறை பாடம் நடத்தி, தேர்வு வைத்து, பட்டம் கொடுக்கும். மையத்தின் வேலை வெளியிலிருந்து பிரச்சினையையும் பணத்தையும் கொண்டுவந்து மாணவர் கையில் கொடுப்பது. நன்றாக நடந்தால் அப்படி!

அமெரிக்காவில் இதற்குச் சட்டமே உண்டு. 1987இல் பத்து வட்டாரங்களுக்குப் பத்து மையங்கள் என்று ஆரம்பித்தார்கள். 2021இன் உள்கட்டமைப்புச் சட்டத்துக்குப் பிறகு 35 மையங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகம் தலைமை ஏற்க, இன்னும் சில கூட்டுச் சேரும். மத்திய அரசு தரும் பணத்தோடு, மையமும் வெளியிலிருந்து ஒரு பங்கைத் திரட்ட வேண்டும் என்பது விதி. இந்த விதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். மாநில நெடுஞ்சாலைத் துறையோ பஸ் நிறுவனமோ தன் பணத்தைப் போட்டால்தான் "அந்த ஆராய்ச்சி என்ன ஆச்சு?" என்று போன் செய்து கேட்கும். அந்தப் பணத்தில்தான் மாணவர்களுக்கு ஆராய்ச்சி உதவித்தொகை, மாநாட்டுப் பயணம், கோடைகால வேலை எல்லாம் நடக்கின்றன.

சட்டம் வருவதற்கு முன்பே இப்படி இயங்கிய இடங்கள் உண்டு. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் போக்குவரத்து நிறுவனம் 1950இல் தொடங்கியது. கார் மோதினால் அடியோடு கழன்று விலகிவிடும் சாலைப் பலகைக் கம்பங்களை 1960களில் அங்கே உருவாக்கினார்கள். அதற்கு முன் கம்பத்தில் மோதினால் கம்பம் நிற்கும், காரில் இருப்பவர் பிழைப்பது கஷ்டம். ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ பல்கலைக்கழகத்தில் ரைனர் வீடெமான் 1974இல், முன்னால் போகும் வண்டியைப் பார்த்து ஓட்டுநர் எப்போது பிரேக் பிடிப்பார், எப்போது விடுவார் என்பதற்கு ஒரு கணித மாதிரி எழுதினார். உலகம் முழுக்க ஆலோசனை நிறுவனங்கள் வாங்கும், போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிக் காட்டும் 'விசிம்' சாஃப்ட்வேருக்குள் இன்றும் அதுதான் ஓடுகிறது.

சேர்வதற்கு முன் இணையப் பக்கத்தில் இருக்கும் கட்டடப் படங்களைப் பார்த்து மயங்க வேண்டாம். அங்கே இப்போது படிக்கும் மாணவர் யாரிடமாவது பேசுங்கள். போன வருடம் எந்தச் சாலையில், எந்த பஸ் வழித்தடத்தில் நின்று அளந்தீர்கள் என்று கேளுங்கள். அந்த டேட்டாவைக் கேட்ட அலுவலகம் எது, கொடுத்த பிறகு அங்கே என்ன மாறியது என்றும் கேளுங்கள். பதில் வர நேரமானால் வேறு இடம் பார்க்கலாம். பெயர்ப்பலகை மட்டும் உள்ள மையங்களும் இருக்கத்தான் செய்கின்றன.

கே: எங்கள் கல்லூரியில் கேமரா, ரேடார் எதுவும் கிடையாது. இறுதியாண்டு ப்ராஜெக்டுக்கு உருப்படியாக என்ன செய்யலாம்?

ப: ஸ்டாப்வாட்ச் இருக்கிறதா? செல்போனில் இருக்கும். போதும்.

சிக்னலில் பாதசாரிகளுக்கு எத்தனை விநாடி கொடுப்பது என்பதை, அவர்கள் நடக்கும் வேகத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ரொம்பக் காலமாக விநாடிக்கு 1.2 மீட்டர் என்றே வைத்திருந்தார்கள். முதியவர்கள் அந்த வேகத்தில் கடப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் சிக்னல், சாலைப் பலகைகளுக்கான விதிகளைச் சொல்லும் கையேடு 2009இல் அதைக் கிட்டத்தட்ட 1.07 மீட்டராகக் குறைத்தது. 14 மீட்டர் அகலச் சாலையில் கணக்குப் போடுங்கள்: பழைய வேகத்துக்கு 12 விநாடிக்குள் முடிந்துவிடும். புதியதற்கு 13 விநாடி. விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் பாட்டிக்கு 17.5 விநாடி. மிச்ச விநாடிகளை அவர் நடுரோட்டில் கழிக்க வேண்டும்.

நீங்கள் ஒரு மருத்துவமனைக்கு அருகிலும், ஒரு கல்லூரிக்கு அருகிலும் பாதசாரிகள் சாலையைக் கடக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அகலத்தை டேப் வைத்து அளங்கள். நடப்பவர் காலை எடுத்து வைத்ததிலிருந்து எதிர்ப்பக்கம் ஏறும் வரை நேரம் எடுங்கள். வயது தோராயம், கையில் சுமை, குழந்தை, கைத்தடி என்று குறித்துக்கொள்ளுங்கள். சராசரி எடுத்துவிட்டு நிறுத்தாதீர்கள். சராசரி வேகத்துக்கு சிக்னல் வைத்தால் ஏறக்குறைய பாதிப் பேர் பின்தங்குவார்கள். வேகங்களை ஏறுவரிசையில் அடுக்கி, கீழிருந்து 15 சதவீதம் பேர் எந்த வேகத்துக்குள் அடங்குகிறார்கள் என்று பாருங்கள். வடிவமைப்புக்கு வேண்டியது அந்த எண்தான். அப்புறம், உள்ளபடியே சிக்னல் தரும் விநாடியை அதன் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் அறிக்கையில் பாதி தானாக எழுதிக்கொள்ளும்.

கோடிங் வருமென்றால் 'சுமோ' இருக்கிறது. போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்க ஜெர்மன் விண்வெளி மையத்தார் வெளியிட்ட இலவச சாஃப்ட்வேர். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தை அதில் இறக்கி, உங்கள் சந்திப்பை ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் முதலில் சந்திப்பில் நின்றுவிட்டு வாருங்கள். திரையில் வரும் வண்டிகள் ரொம்ப ஒழுங்கானவை.

கே: இதைப் படித்தால் கேம்பஸ் இன்டர்வியூவில் வேலை கிடைக்குமா?

ப: கம்ப்யூட்டர் சயன்ஸ்காரர்களுக்குக் கிடைப்பதுபோல் கும்பலாகக் கிடைக்காது. நெடுஞ்சாலைத் துறை, மெட்ரோ, பஸ் நிறுவனம், ஆலோசனை நிறுவனம், வரைபட, டெலிவரி கம்பெனிகள் என்று சிதறிக் கிடக்கும். இன்டர்ன்ஷிப் போன இடத்திலேயே தங்கியவர்கள் என் மாணவர்களில் அதிகம். ஆகவே இரண்டாம் செமஸ்டரிலேயே அதைத் தேட ஆரம்பியுங்கள்.

கே: என் அலுவலக வாசலில் இருக்கும் நெரிசலை உங்கள் மாணவர்கள் யாராவது தீர்த்துத் தருவார்களா?

ப: சாலையை அகலப்படுத்தச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆந்தனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் 1962இலேயே எழுதிவிட்டார்: பரபரப்பு நேரத்தில் இடம் கிடைத்தால், வேறு நேரத்திலும் வேறு வழியிலும் போய்க்கொண்டிருந்தவர்கள் அங்கே வந்து நிரப்பிவிடுவார்கள். உங்கள் அலுவலகம் வேலை நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளிவைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு மாணவர்கள் வேண்டாம், மேனேஜர் போதும்.

கே: நான் முனைவர் பட்ட ஆய்வாளர். சிக்னல் நேரங்கள் பற்றி 240 பக்க அறிக்கையை ஒரு போக்குவரத்து அலுவலகத்திடம் கொடுத்தேன். யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. மனம் விட்டுப்போகிறது மேடம்.

ப: உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனாலும் அவர்கள் பக்கத்தில் கொஞ்சம் நிற்கிறேன். 240 பக்கத்தை வேலை நேரத்தில் யார் படிப்பார்கள்?

பிரிட்டனில் எஃப். வி. வெப்ஸ்டர் 1958இல் சிக்னலின் ஒரு முழுச் சுற்று எத்தனை விநாடி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு சூத்திரம் கொடுத்தார். பின்னால் இருக்கும் கணிதம் லேசானதல்ல. கணினியில் ஓட்டிப் பார்த்து ஒட்டிய பகுதியும் அதில் உண்டு. ஆனால் பொறியாளர் கையில் கிடைத்தது ஒரு வரி. ஒரு சுற்றில் எந்த வண்டியும் நகராமல் வீணாகும் நேரத்தை ஒன்றரையால் பெருக்கி 5 கூட்டு. அதை, ஒன்றிலிருந்து சாலையின் நெருக்கடி விகிதத்தை (சாலை தாங்கும் வண்டிகளில் எத்தனை பங்கு வருகிறது என்பதை) கழித்து வருவதால் வகு. வீணாவது 10 விநாடி, விகிதம் 0.75 என்றால் 20ஐ 0.25ஆல் வகுக்க, 80 விநாடி. கால்குலேட்டர்கூட வேண்டாம். அறுபது வருடம் தாண்டியும் பாடப் புத்தகத்தில் இருக்கிறது.

உங்கள் அறிக்கையிலிருந்து ஒரே ஒரு சந்திப்பை எடுங்கள். இப்போது சிவப்பு, பச்சை எத்தனை விநாடி, நீங்கள் சொல்வது எத்தனை விநாடி, ஒரு வண்டிக்குக் காத்திருப்பு எவ்வளவு குறையும் என்று இரண்டு பக்கத்தில் எழுதுங்கள். மேலதிகாரிக்கு அனுப்பாதீர்கள். அந்தச் சந்திப்பின் சிக்னல் பெட்டியைத் திறந்து நேரத்தை மாற்றும் பொறியாளர் ஒருவர் இருப்பார். அவரைக் கண்டுபிடித்து, அவர் களத்துக்குப் போகும் நாளில் கூடவே போங்கள். அவர் சொல்லும் ஆட்சேபங்களைக் குறித்து வந்து கணக்கைத் திருத்துங்கள். மிச்சம் 238 பக்கத்தை உங்கள் தேர்வாளர்கள் படிப்பார்கள், அது அவர்கள் கடமை.