பிள்ளை பள்ளிக்குப் போகவில்லையா? வடசென்னைப் பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு டீச்சரின் பதில்கள்

வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கத்துப் பள்ளிகளில் 26 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வராத பிள்ளையின் வீட்டைத் தேடிப் போகும் பழக்கத்தை மட்டும் இன்னும் விடவில்லை. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

காசிமேடு, மீன் விற்கும் அம்மா: டீச்சர், ராத்திரி ரெண்டு மணிக்கே ஏலத்துக்குக் கிளம்பிடுவேன். மூணாவது படிக்கிற பையனும் அஞ்சாவது படிக்கிற பொண்ணும் தூங்கிப்போயிடறாங்க. வாரத்துல ரெண்டு நாள்தான் லீவு, பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்ல மனசு வரவில்லை அம்மா. 5-ஆம் வகுப்பு வரைக்கும் வருடத்துக்குக் குறைந்தது 200 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்பது சட்டம். வாரம் 2 நாள் விட்டால் 80 நாள் போய்விடும். வகுத்தல் சொல்லிக்கொடுத்த அன்றைக்குப் பையன் தூங்கியிருந்தால், அப்புறம் கணக்கு வகுப்பு என்றாலே அவனுக்கு வயிற்று வலி வந்துவிடும். ஏலத்துக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்லப்போவதில்லை, அதுதானே வீட்டுக்குச் சோறு. அதே தெருவில் பள்ளிக்குப் போகும் இன்னொரு வீட்டுக்காரம்மாவிடம் பேசி, ஏழு மணிக்குக் கதவைத் தட்டச் சொல்லுங்கள், பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் மீன் கொடுங்கள். சீருடையையும் பையையும் ராத்திரியே எடுத்து வையுங்கள். மாநகராட்சிப் பள்ளி என்றால் காலையில் சமைக்கவும் வேண்டாம், 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 1 முதல் 5 வரை படிப்பவர்களுக்குத்தான். ஆனால் தம்பியை எழுப்பிக் கிளப்பும் வேலையைப் பெண் தலையில் கட்டாதீர்கள், அவளும் குழந்தைதான். ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், கையில் காசில்லை என்று பள்ளி திறக்கும் நேரத்தில் நிறுத்தியும் வைக்காதீர்கள். புத்தகம், நோட்டு, சீருடை எல்லாம் பள்ளியிலேயே தருவார்கள்.

கொருக்குப்பேட்டை, ஆசிரியை: பத்து தடவை போன் பண்ணினேன், எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனால் அப்பா கத்துகிறார். என்ன செய்வது?

ஆரம்பத்தில் நானும் வருகைப் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவேன், கடன் வசூலிக்க வந்தவளைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். அப்புறம் பதிவேட்டைப் பள்ளியிலேயே வைத்துவிட்டு, பிள்ளை வரைந்த படம், நன்றாக எழுதிய ஒரு பக்கம், இப்படி ஏதாவது எடுத்துப் போக ஆரம்பித்தேன். முதல் தடவை லீவைப் பற்றிப் பேசவே மாட்டேன். உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "காலையில வீட்டுல யார் முதல்ல எழுந்திருப்பாங்க?" என்று மட்டும் கேட்பேன். பாட்டிக்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்க யார் போகிறார்கள், தண்ணீர் லாரி வந்தால் யார் குடம் வைக்கிறார்கள், கைக்குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள், எல்லாம் அந்த ஒரு கேள்வியில் வந்துவிடும். பாதி வீடுகளில் அதெல்லாம் செய்வது நம் மாணவிதான். தனியாகப் போகாதீர்கள், பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு அம்மாவைக் கூட்டிப் போங்கள். அவர் பேச்சுக்கு அங்கே இருக்கும் மதிப்பு நம் பேச்சுக்குக் கிடையாது.

புளியந்தோப்பு, ஆட்டோ ஓட்டும் அப்பா: எட்டாவது படிக்கிறான், 13 வயசு. மெக்கானிக் கடைக்குப் போறேன்னு அடம் பிடிக்கிறான். அடிச்சும் பாத்துட்டேன்.

அடிக்காதீர்கள் தம்பி, அடித்தால் பள்ளியோடு வீட்டையும் சேர்த்து வெறுப்பான். இன்றைக்கு ராத்திரி பக்கத்தில் உட்கார வைத்து, பாடப் புத்தகத்தில் அரைப் பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடைக்கு ஓடுகிற பையன்களில் நான் பார்த்த முக்கால்வாசிப் பேருக்குச் சரளமாக வாசிக்க வராது. வகுப்பில் எழுந்து நின்று திணறுவதை விட ஸ்பேனர் பிடிப்பது அவர்களுக்கு கௌரவமாக இருக்கிறது. உங்கள் பையனும் திணறினால் வகுப்பாசிரியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், தினம் அரை மணி நேரம் வாசிப்புக்கு என்று கேட்டு வாங்குங்கள். 14 வயதுக்குக் கீழே கடையில் வேலைக்கு வைப்பது குற்றம் என்று அந்தக் கடைக்காரரிடமும் தன்மையாகச் சொல்லிவிடுங்கள். வண்டி மேல் ஆசை நிஜம் என்றால் பத்தாவது முடித்து ஐ.டி.ஐ. போகலாம், அதையும் அவனிடம் சொல்லுங்கள்.

வியாசர்பாடி, தன்னார்வலர்: ஏழாவது படிக்கும் ஒரு பெண் மாதாமாதம் மூன்று நாள் வருவதில்லை.

முதலில் பள்ளிக் கழிவறையைப் போய்ப் பாருங்கள். தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, நாப்கின் போட இடம் இருக்கிறதா? இல்லையென்றால் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுத வையுங்கள். அந்தப் பெண்ணிடம் ஒரு ஆசிரியை பேசட்டும், நீங்கள் ஆண் என்றால் பேச வேண்டாம்.

மணலி, இன்னொரு ஆசிரியர்: நூறு சதவீதம் வருகிறவர்களுக்குப் பரிசு கொடுக்கலாமா?

வேண்டாம். காய்ச்சலோடு வந்து உட்காருவார்கள். போன மாதம் 8 நாள் வந்து இந்த மாதம் 15 நாள் வந்த பிள்ளையைப் பேர் சொல்லிப் பாராட்டுங்கள், போதும்.

எண்ணூர், பாட்டி: பேத்தி என்கிட்ட வந்துட்டா. ஆறாவது. பழைய ஸ்கூல்ல டி.சி. தரலை, இங்க டி.சி. இல்லாம சேர்க்க மாட்டோம்னு சொல்றாங்க. ரெண்டு மாசமா வீட்டுல இருக்கா.

ரெண்டு மாதம் ரொம்ப அதிகம் அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, எட்டாவது வரைக்கும் டி.சி. வரத் தாமதமாகிறது என்று அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்காமல் இருக்கக் கூடாது. நாளைக்கே பேத்தியோடு போய், "டி.சி. பின்னாடி வரும், சட்டத்துல இடம் இருக்கு" என்று தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். அப்படியும் மறுத்தால் அங்கேயே நின்று 14417-க்குப் போன் போடுங்கள், பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண் அது. பேச வராது என்றால் பக்கத்து வீட்டுக் காலேஜ் பிள்ளை யாரையாவது கூட்டிப் போங்கள். பேத்தியின் பையில் ஒரு நோட்டும் பேனாவும் போட்டே கூட்டிப் போங்கள், சேர்த்த அன்றைக்கே வகுப்பில் உட்காரட்டும்.