‘13’ ஆல்பத்தின் கனமும் உங்கள் 15 வாட் ஆம்பும்

கேள்வி: பிளாக் சாபத் என்ற பிரிட்டிஷ் ஹெவி மெட்டல் குழுவின் ‘13’ ஆல்பத்தில் கேட்கும் கிட்டார் சத்தத்தை வீட்டில் கொண்டுவர முயல்கிறேன். கையில் எபிஃபோன் எஸ்ஜி கிட்டார் ஒன்று, 15 வாட் டிரான்சிஸ்டர் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) ஒன்று. போட்டிருப்பது 10-46 ஸ்ட்ரிங் (மெல்லியது முதல் தடித்தது வரை, இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்). சுருதியை சி ஷார்ப் வரை இறக்கினால் ஸ்ட்ரிங் தொளதொளவென்று ஆகி ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்குக் கம்பிகளில்) உரசுகிறது. சத்தத்தைக் கரகரப்பாக்கும் கெயினைக் கூட்டினால் கனம் வரவில்லை, இரைச்சல்தான் வருகிறது. பழைய 100 வாட் வால்வ் (வெற்றிடக் குழாய்) ஆம்ப் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். உங்கள் பிரச்சினையில் முக்கால்வாசி ஸ்ட்ரிங்கிலும் கெயின் குமிழிலும்தான் இருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எந்த ஆம்ப் வாங்கினாலும் இதே உரசலைத்தான் இன்னும் சத்தமாகக் கேட்பீர்கள்.

முதலில் அந்த ஆல்பத்தில் யார் எதை வாசித்தார்கள் என்று பார்த்துவிடலாம். ‘13’ வெளிவந்தது 2013 ஜூனில். பாடகர் ஓஸி ஆஸ்போர்ன், கிட்டார் கலைஞர் டோனி அயோமி, பேஸ் கிட்டார் கலைஞர் கீஸர் பட்லர் மூவரும் சேர்ந்து ஒரு முழு ஸ்டூடியோ ஆல்பம் செய்தது 1978க்குப் பிறகு அதுதான் முதல்முறை. ஒப்பந்தத் தகராறில் டிரம்மர் பில் வார்ட் விலகிவிட, அந்த இடத்தில் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் பிராட் வில்க் வாசித்தார். தயாரிப்பாளர் ரிக் ரூபின் இவர்களுக்கு 1970இல் வந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தையே போட்டுக்காட்டி, அந்த மனநிலைக்குத் திரும்பிப் போகச் சொன்னார். கூடவே பழைய ஆம்ப்களில் வாசிக்க வேண்டும் என்ற யோசனையும் அவருக்கு இருந்தது. அயோமிக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பழையது என்பதற்காக ஒரு ஆம்ப் நன்றாக ஒலித்துவிடாது என்பது அவர் கட்சி. அந்தக் காலத்து ஆம்ப்கள் மேடையில் படுத்திய பாட்டை நேரில் பட்டவர் அவர். கடைசியில் தன் பெயரில் லேனி கம்பெனி செய்துதரும் ஆம்போடுதான் நின்றார். உங்கள் கேள்விக்கு அவரே பாதி பதில் சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

லேனி ஒன்றும் அவருக்குப் புதிதல்ல. லிண்டன் லேனி 1967இல் பர்மிங்காம் பக்கம் ஆம்ப் செய்யத் தொடங்கினார். அதே ஊர்க்காரர்களான சாபத்தும் அவருடைய ஆரம்பகால வாடிக்கையாளர்கள். கிட்டார் விஷயத்திலும் அயோமி எஸ்ஜி வடிவத்தை விட்டு அதிகம் விலகியதில்லை. முதல் ஆல்பப் பதிவின்போது அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் ஸ்ட்ரிங் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் போய்விட, மாற்றாக வைத்திருந்த கிப்சன் எஸ்ஜியை எடுத்தார். அன்று எடுத்ததுதான். பிற்பாடு ஜான் டிகின்ஸ் செய்துகொடுத்த ஜேடீ கிட்டாரும் அதே உருவம்தான். ஆக, கிட்டார் விஷயத்தில் நீங்கள் ஏற்கெனவே சரியான வீட்டில்தான் இருக்கிறீர்கள்.

சரி, ஸ்ட்ரிங்குக்கு வருவோம். 17 வயதில் தகட்டுத் தொழிற்சாலையில் அயோமியின் வலது கை நடுவிரல், மோதிர விரல் நுனிகள் இயந்திரத்தில் போய்விட்டன. அவர் இடதுகைக்காரர் என்பதால் ஃப்ரெட் அழுத்துவது அந்த வலது கையால்தான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்து, அதன்மேல் தோல் ஒட்டி வாசித்தார். கனமான ஸ்ட்ரிங்கை அந்தத் தொப்பியால் வளைக்க முடியாது. மெல்லிய கிட்டார் ஸ்ட்ரிங் கடையில் கிடைக்காத காலம் என்பதால் பேஞ்சோ ஸ்ட்ரிங்கை மாட்டிக்கொண்டார். சுருதியை இறக்கியதும் விரலுக்கு இன்னும் இதமாயிற்று. 1971இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ ஆல்பத்தில் சி ஷார்ப் வந்தது இப்படித்தான். அதாவது மெல்லிய ஸ்ட்ரிங்கும் இறங்கிய சுருதியும் சேர்ந்த அந்தக் கூட்டு, அவர் கைக்கு அளவெடுத்த சட்டை. உங்களுக்கு விரல் நுனிகள் முழுசாக இருக்கும்போது அதை அப்படியே போட்டுக்கொள்ள வேண்டிய அவசியமில்லை.

கணக்கு எளிது. ஸ்ட்ரிங்கின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். கீழ் இ ஸ்ட்ரிங் 82.4 ஹெர்ட்ஸ். மூன்று அரைச்சுரம் இறக்கினால் 69.3. இழுவிசையில் சுமார் 30 சதவீதம் காணாமல் போகிறது. உங்கள் 10-46 தொளதொளப்பது இதனால்தான். பழைய இறுக்கம் அப்படியே வேண்டுமென்றால் 12இல் தொடங்கும் செட் போட வேண்டும். ஆனால் அதில் சாபத் வாடை வராது. அயோமியின் வைப்ராட்டோ (சுரத்தை அசைப்பது) அகலமானது, ஸ்ட்ரிங் கொஞ்சம் இளகி இருந்தால்தான் அது கைக்கு வரும். 11-52 செட் போடுங்கள். பழைய இறுக்கத்தில் பத்துப் பதினைந்து சதவீதம் மட்டும் குறைந்திருக்கும், இதற்கு அதுதான் தோதான இடம். சுருதி, தடித்த ஸ்ட்ரிங்கிலிருந்து: சி ஷார்ப், எஃப் ஷார்ப், பி, இ, ஜி ஷார்ப், சி ஷார்ப். டி வரை இறக்கினால் போதும் என்றிருந்தால் 11-49 போதும்.

ஸ்ட்ரிங்கை மாற்றியதும் உடனே வாசிக்க உட்காராதீர்கள். கழுத்தின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் துண்டுதான் நட். 46க்கு வெட்டிய அதன் பள்ளத்தில் 52 இறுகிக்கொள்ளும். டியூனர் சாவியைத் திருப்பும்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம் கேட்டு, சுருதி சட்டென்று எகிறினால் அதுதான் அறிகுறி. பென்சில் கரியைப் பள்ளத்தில் தேய்த்தால் சில நாள் தாங்கும். முறையான தீர்வு, விவரம் தெரிந்தவரிடம் கொடுத்துப் பள்ளத்தை அரத்தால் ஒரு இழை அகலப்படுத்துவது. அகலம் மட்டும்தான், ஆழம் கூடாது. ஆழம் போனால் நட்டையே மாற்ற வேண்டிவரும். அப்புறம் கழுத்தின் வளைவு. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (ஸ்ட்ரிங்குகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, கடைசி ஃப்ரெட்டை விரலால் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட் பக்கம் ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே பாருங்கள். கால் மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கிடந்தால் கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைக் கால் சுற்று தளர்த்தலாம், அதற்கு மேல் ஒரே நாளில் வேண்டாம். கடைசியாக இன்டோனேஷன், அதாவது எல்லா ஃப்ரெட்டிலும் சுருதி சரியாக நிற்பது. 12ஆம் ஃப்ரெட்டை அழுத்தி எழுப்பும் சுரம், அதே இடத்தின் ஹார்மானிக்கை (ஸ்ட்ரிங்கை லேசாகத் தொட்டு எழுப்பும் சுரம்) விட ஏற்றமாக இருந்தால் ஸ்ட்ரிங்கின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள். இவ்வளவும் முடிந்தபின் உரசலில் பெரும்பகுதி போயிருக்கும்.

இனி கெயின். பலர் சறுக்குவது இங்கேதான். கனமான சத்தம் என்றால் கெயின் குமிழை முழுக்கத் திருப்ப வேண்டும் என்று ஒரு நினைப்பு. கெயின் ஏற ஏறச் சத்தம் நசுங்கும், பிக் அடியின் முனை மழுங்கும், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவே உள்ள மௌனம் இரைச்சலால் நிரம்பிவிடும். ‘13’இன் மெதுவான ரிஃப்களில் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரிகளில்) அந்த மௌனத்துக்குத்தான் வேலை அதிகம். ஆல்பத்தின் முதல் பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள், ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழும். கெயினைப் பாதியில் வையுங்கள். தாழ்ந்த ஒலிக்கான பாஸ் குமிழைப் பாதிக்குக் கீழே இறக்குங்கள். நடு ஒலிக்கான மிட்டைப் பாதிக்கு மேல் ஏற்றுங்கள். அறையில் தனியாக வாசிக்கும்போது மிட் கூடினால் மூக்கால் பேசுவதுபோல் இருக்கும், ஆனால் பேஸ் கிட்டாரும் டிரம்மும் சேர்ந்ததும் கிட்டார் தெளிவாக வெளியே வருவது அதனால்தான்.

பாஸை ஏன் குறைக்கச் சொல்கிறேன்? அயோமியே அந்தக் காலத்தில் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டர் என்ற ட்ரெபிள் (உயர்ந்த ஒலி) பூஸ்டரைப் போட்டுத்தான் ஆம்புக்குள் போவார். உள்ளே ஒரே ஒரு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர். அது தாழ்ந்த ஒலியை வெட்டி, மேல் மிட்டைத் தூக்கி, ஆம்பின் வால்வைத் திணறவைக்கும். உலகத்திலேயே கனமானது என்று பேசப்படும் கிட்டார் சத்தம், பாஸை வெட்டிவிட்டுக் கிளம்புகிறது. உங்கள் டிரான்சிஸ்டர் ஆம்பில் ட்ரெபிள் பூஸ்டர் அவ்வளவாக எடுபடாது, காது குத்தும். அதற்குப் பதில் கிட்டாருக்கும் ஆம்புக்கும் நடுவே மாட்டும் சாதாரண ஓவர்டிரைவ் பெடல் ஒன்றை வாங்கி, டிரைவை ஏறக்குறைய சுழியத்திலும் லெவலை மேலேயும் வைத்து, ஆம்பின் டிரைவ் சேனலுக்குள் விடுங்கள். அதுவும் பாஸை இறுக்கி மிட்டை முன்னே தள்ளும்.

அப்படியென்றால் அடிவயிற்றில் இடிக்கும் அந்தத் தாழ்ந்த ஒலி எங்கிருந்து வருகிறது? கீஸர் பட்லரிடமிருந்து. அவர் கிட்டாருக்குக் கீழே தனியாக ஒரு வரி வாசிப்பதைவிட, அயோமியின் ரிஃபையே சுரத்துக்குச் சுரம் ஒரு ஸ்தாயி கீழே வாசிப்பது அதிகம். அயோமி ஸ்ட்ரிங்கை வளைத்தால் இவரும் வளைப்பார். பேஸிலும் மெல்லிய டிஸ்டார்ஷன் இருப்பதால், கிட்டார் எங்கே முடிகிறது, பேஸ் எங்கே தொடங்குகிறது என்று காதால் பிரிக்க முடியாது. சி ஷார்ப் சுருதியில் பேஸின் கடைசி ஸ்ட்ரிங் 35 ஹெர்ட்ஸ் பக்கம் போகிறது. உங்கள் ஆம்பின் சின்ன ஸ்பீக்கரிடம் அதைக் கேட்பது நியாயமில்லை, எந்தக் கிட்டார் ஆம்பிடமும் நியாயமில்லை. இன்னொன்று, ‘13’க்கு அடித்தளப் பதிவைக் கிட்டார், பேஸ், டிரம் மூன்றும் ஒன்றாக வாசித்தே எடுத்தார்கள். நீங்கள் தனியாகப் பதிவுசெய்கிறவர் என்றால் ரிதம் கிட்டாரை இரண்டு தடவை தனித்தனியாக வாசித்து இடம், வலம் என்று பிரித்துப் போடுங்கள். ஒரு பதிவையே நகலெடுத்து இரு பக்கமும் வைத்தால் அகலம் வராது. நடுவில் அதே ரிஃபை பேஸில் வாசியுங்கள். பேஸ் வாசிக்கும் நண்பர் இருந்தால் ஆம்ப் வாங்கும் காசில் அவருக்கு டீ வாங்கிக்கொடுத்து வீட்டுக்குக் கூப்பிடுங்கள்.

பழைய வால்வ் ஆம்ப் பற்றி ஒன்றிரண்டு விஷயம். 100 வாட்டுக்கும் 15 வாட்டுக்கும் சத்தத்தில் வித்தியாசம் 8 டெசிபல்தான். காதுக்கு இரண்டு மடங்கு என்றுகூடத் தோன்றாது. ஆனால் வால்வ் பவர் பகுதி திணறி நல்ல சத்தம் தர, அந்த 100 வாட்டை ஓரளவு திறந்துவிட வேண்டும். குடியிருக்கும் வீட்டில் அது நடக்காது. பழைய பெட்டியில் ஃபில்டர் கப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், வால்வ் செட் மாற்ற வேண்டியிருக்கும். அமெரிக்காவிலிருந்து வந்ததென்றால் 120 வோல்ட்டா என்று பின்பக்கம் பார்க்க வேண்டும். விற்பவர் ‘உள்ளே திறந்து பாருங்கள்’ என்றாலும் திறக்காதீர்கள். 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும் சர்க்யூட் அது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கப்பாசிட்டரில் உயிரை எடுக்கும் மின்சாரம் தேங்கியிருக்கும்.

காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் வரிசை இதுதான்: முதலில் ஸ்ட்ரிங்கும் செட்டப்பும், அடுத்து ஓவர்டிரைவ் பெடல். அதற்கும் பிறகு மனசு கேட்காவிட்டால், 12 இஞ்ச் ஸ்பீக்கர் உள்ள, ஹெட்ஃபோன் வசதியோடு வரும் சிறிய ஆம்ப் ஒன்றைக் கடையில் உங்கள் கிட்டாரையே மாட்டி வாசித்துப் பார்த்து வாங்குங்கள். போகும்போது கிட்டாரை சி ஷார்ப்பில் டியூன் செய்துகொண்டே போங்கள். சாதாரண சுருதியில் நன்றாகக் கேட்கும் எத்தனையோ ஆம்ப்கள் மூன்று அரைச்சுரம் இறங்கியதும் குழைந்துவிடும்.