ஆஃப்செட் மை எப்படிக் காய்கிறது? டிரையர் என்ன செய்கிறது?

வண்ணாரப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்தால் "மழை, மை காயலை, நாளைக்கு வாங்க" என்கிறார்கள். யூவி (புற ஊதா ஒளியில் மையைக் காயவைக்கும்) பிரஸ்ஸில் மட்டும் கையோடு கிடைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்கள் சொல்வது சாக்கு இல்லை. சாதாரண ஆஃப்செட் மை, அதாவது தகட்டிலிருந்து ரப்பர் உருளை வழியாகத் தாளில் பதிக்கும் அச்சு மை, வெறுமனே ஆவியாகிக் காய்வதில்லை. அதன் எண்ணெயில் ஒரு பகுதியைத் தாள் உறிஞ்சும். மிச்சம் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். காற்றில் ஈரம் ஏறினால் இன்னும் தாமதம். ஆர்ட் பேப்பரில், அதாவது வழவழப்பான பூச்சுள்ள தாளில், உறிஞ்சுவதும் குறைவு. அதனால்தான் மேலே விழும் தாளின் முதுகில் மை ஒட்டாதிருக்க ஸ்டார்ச் பவுடர் தூவுகிறார்கள். புது அட்டையைத் தடவினால் விரலில் நறநறக்குமே, அதுதான்.

அகச்சிவப்பு டிரையர் (மையைக் காயவைக்கும் கருவி) சூடேற்றி இதே வேலையை வேகப்படுத்தும், அவ்வளவுதான். யூவி வேறு கதை, அங்கே மையே வேறு. புற ஊதா ஒளி பட்டதும் மையிலுள்ள ஒளித்தூண்டிகள் கிளர்ந்து, மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்ளும். ஒரு நொடிக்குள் திரவம் கெட்டிப் படலமாகிவிடும். எல்.ஈ.டி. விளக்கு என்றால் பெரும்பாலும் 385 முதல் 395 நானோமீட்டர் அலைநீள ஒளி. சாதாரண மையை யூவி விளக்கின் கீழே எத்தனை முறை ஓட்டினாலும் பலனில்லை.

சரி, அவசரமென்றால் யூவி பிரஸ்ஸில் கொடுங்கள். காசு கூடத்தான் ஆகும்.