ராத்திரி காட்டுப்பன்னி வேட்டை: தெர்மலா நைட் விஷனா? கேள்வி பதில்

டெக்சாஸ்ல பன்னி சுடப் போறவங்க மட்டும் கேளுங்க, மத்த மாநில சட்டம் வேற.

கே: முதல் ஸ்கோப் (துப்பாக்கி மேல மாட்டற குறிபாக்கற கருவி), எது வாங்க?
ப: மேய்ச்சல் நிலம், சோளக்காடுன்னா தெர்மல். அது உடம்புச் சூட்டைப் பாக்குது, நிலாவும் வேணாம் லைட்டும் வேணாம், அமாவாசை இருட்டுலயும் பன்னி பளிச்சுனு நிக்கும், ஆனா மூடுபனி, மழைன்னா படம் மங்கிடும். நைட் விஷன் இருக்கற வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டுது, அதனால காது, மூஞ்சி, பின்னாடி வேலிக்கம்பி வரைக்கும் தெரியும், தெர்மல்ல கம்பி தெரியாமலே போயிடலாம்.

கே: டிரக் ஜன்னலை ஏத்திட்டே தெர்மல்ல பாக்கலாமா?
ப: முடியாது, கண்ணாடி அந்த உடம்புச்சூட்டு அலையை விடாது. அதான் லென்ஸை ஜெர்மேனியத்துல பண்றாங்க, விலையும் அதான்.

கே: நைட் விஷனோட போடற ஐஆர் (அகச்சிவப்பு) லைட், 850 நானோமீட்டரா 940ஆ?
ப: 850 தூரம் போகும், முன்னாடி லேசா செவப்பு தெரியும். 940 கண்ணுக்குத் தெரியாது, தூரம் கம்மி.

கே: தெர்மல் பெட்டில 1200 மீட்டர்னு போட்டிருக்கே?
ப: அது ஏதோ நிக்குதுன்னு தெரியற தூரம் சார். என்ன நிக்குதுன்னு தெரியறது அதுல சின்ன பங்குதான். பன்னியா கன்னுக்குட்டியான்னு தெரியாம ட்ரிக்கர்ல விரல் வைக்காதீங்க.

கே: 640 சென்சார் (குறுக்கா 640 புள்ளி) இருந்தா அந்தக் கவலையே இல்லையே?
ப: யாருங்க இதைக் கிளப்பி விட்டது? கணக்கு போடுங்க. 640 சென்சார், அதைவிடச் சின்ன 384 சென்சார், ரெண்டுலயும் பிக்சல், அதாவது ஒரு புள்ளி, 12 மைக்ரான்னு வைங்க. 640ல 25 எம்எம் லென்ஸ்னா 200 மீட்டர்ல ஒரு பிக்சல் கிட்டத்தட்ட 10 சென்டிமீட்டர், ஒரு மீட்டர் நீளப் பன்னி பத்தே புள்ளி. 384ல 50 எம்எம் லென்ஸ்னா அதே பன்னி இருபது புள்ளி. இப்ப சொல்லுங்க எது அடையாளம் காட்டும்?

கே: ஸூம் பண்ணிக்கலாமே ப்ரோ. அப்ப 640 வேஸ்ட்டா?
ப: டிஜிட்டல் ஸூம் அதே பத்து புள்ளியைத்தான் பெருசாக்கும். வேஸ்ட்னு நான் எங்க சொன்னேன், கூட்டமா ஓடுற பன்னிக்கு அகலமா தெரியறது ரொம்ப உதவும். லென்ஸையும் கேட்டு வாங்குங்கன்னுதான் கத்துறேன்.

கே: சுருக்கமா, தெர்மலா நைட் விஷனா?
ப: முதல் பதில்.

கே: லைசென்ஸ்?
ப: தனியார் நிலம், ஓனர் அனுமதி இருந்தா 2019 செப்டம்பர்லருந்து காட்டுப்பன்னிக்கு வேட்டை லைசென்ஸ் வேணாம்.

கே: அண்ணா, ஊர்ல தோட்டத்துல பன்னித் தொல்லை, லீவுக்குப் போறப்ப ஸ்கோப்பை எடுத்துட்டுப் போகவா?
ப: வேணாம் தம்பி. அனுமதி இல்லாம இங்கருந்து கொண்டு போனா அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் பிடிக்கும், அங்க இந்தியாவோட 1972 வனவிலங்குச் சட்டம் இருக்கு. வனத்துறைல மனு குடுங்க.

கே: தெர்மல்ல 300 மீட்டர்ல பன்னி மாதிரி தெரிஞ்சா சுடலாமா?
ப: மாதிரியா?! கன்னுக்குட்டின்னு மேலயே சொன்னேன்.

கே: மானுக்கு எது நல்லது?
ப: எதுவும் இல்ல. மான் ராத்திரில சுடக்கூடாது, சூரியன் மறைஞ்சு அரை மணி நேரத்தோட முடிஞ்சுது.